தண்ணீரை மறுத்த வண்டி

எங்கள் முதியோர் இல்லத்தில் இதுவரை யாரும் பட்டினி கிடந்ததில்லை. உணவை மறுத்தவர்கள்தான் உண்டு.

இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. காலை எட்டு, மதியம் பன்னிரண்டரை, மாலை ஏழு என்று மூன்று வேளையும் மணி அடிக்கும். மணி அடித்த அரை மணி நேரத்தில் உணவுக்கூடத்தின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் வந்தவர் பெயருக்கு நேரே 'சாப்பிட்டார்'. வராதவர் பெயருக்கு நேரே 'மறுத்தார்'. மூன்றாவதாக ஒரு கட்டம் கிடையாது. முட்டி மடங்காமல் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டவர், வழுக்கி விழுந்தவர், மணிச் சத்தமே காதில் விழாதவர் எல்லோரும் மறுத்தவர்களே. கீழ்த்தள அறையில் ஒருவர் விடிவதற்குள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அன்று மூன்று வேளையும் அவர் மறுத்திருக்கிறார்.

ஒரே மாதத்தில் மூன்று முறை மறுத்தால், தனியாக வாழத் தகுதியற்றவர் என்று அமைதிப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அது பின்பக்கத்தில் இருக்கும் நீளக் கட்டடம். அங்கே படுக்கை உண்டு, மருந்து உண்டு, சத்தமே போடாத செருப்பு மாட்டிய நர்சுகள் உண்டு. அங்கிருந்து திரும்பி வந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஒருவருடைய பல்செட் மட்டும் ஒருமுறை திரும்பி வந்தது, அதுவும் அறை மாறி. உள்ளே போனவரின் கணவனோ மனைவியோ நண்பரோ ஞாயிற்றுக்கிழமை நான்கு முதல் ஐந்து வரை போய்ப் பார்க்கலாம்.

எங்கள் அறைகள் மேட்டின் அடியில். உணவுக்கூடம் மேட்டின் உச்சியில். நடுவில் நானூற்று இருபது எட்டு வைக்கவேண்டும், என் காலால் எண்ணியது. ஏன் அங்கே கொண்டுபோய்க் கட்டினீர்கள் என்று ஒருமுறை கேட்டதற்கு, மேலேயிருந்து பார்த்தால் காட்சி நன்றாக இருக்கும் என்றார் செயலாளர். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருக்கிறது. ஏற முடியாமல் நிற்பவர்களைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லத்தின் விதிப்படி ஊழியர்கள் எல்லோரும் எங்களை 'அப்பா', 'அம்மா' என்றுதான் கூப்பிட வேண்டும். அதனால், 'அப்பா' என்று யாராவது அன்பாக ஆரம்பித்தால் எங்களுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். நான் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியவன். இங்கே வந்த பிறகு எந்தப் பிழையையும் திருத்தியதில்லை. என் உடம்பு நன்றாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

மேட்டில் ஏற முடியாதவர்களுக்காக ஒரு பேட்டரி வண்டி இருந்தது. பந்தடிக்கிற பணக்காரர்களின் மைதானத்தில் ஓடி ஓய்ந்து, எங்களைப் போலவே இங்கே வந்து சேர்ந்தது. அவர்கள் பந்தடிக்கும் கழியைச் சொருகி வைக்கிற இடத்தில் நாங்கள் கைத்தடியைச் சொருகுவோம். சீட்டுக்கு அடியில் ஆறு கறுப்பு பேட்டரி. ஒவ்வொன்றுக்கும் நான்கு மூடி. ஆக இருபத்து நான்கு மூடியையும் தினம் திறந்து, உள்ளே தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். அதற்கென்று ஒரு தடித்த பதிவேடு இருந்தது. அதில் 'தண்ணீர் காட்டிய நேரம்' என்ற தலைப்பின் கீழ் இருபத்து நான்கு கட்டங்கள். ஆறு வருடமாக ஒரு கட்டம்கூடக் காலியாக விடப்பட்டதில்லை.

வண்டி மட்டும் பாதி மேட்டில் நின்றுவிடும்.

அப்படி நின்றதில் மாட்டிக்கொண்டவர்தான் மெக்கானிக்கின் மனைவி. மெக்கானிக் என் அடுத்த அறைக்காரர். நாற்பது வருடம் ஆபீஸ் ஆபீசாகப் போய் யுபிஎஸ் பழுது பார்த்தவர். அவர் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். அந்தம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. குரல் மட்டும் அப்படியே இருந்தது. அந்த மாதம் மூன்றாம் தேதி மதியம் வண்டி நின்று ஒரு மறுப்பு விழுந்தது. எட்டாம் தேதி காலை இன்னொன்று.

"நான் எப்ப அண்ணா சாப்பாட்டை மறுத்தேன்? சாப்பாடுதான் என்னை மறுத்துச்சு" என்றார் என்னிடம்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மெக்கானிக் சிரிக்கவில்லை. இன்னும் ஒன்று விழுந்தால் மனைவி பின்கட்டடத்துக்குப் போய்விடுவார். நாற்பத்தாறு வருடம் ஒரே அறையில் சண்டை போட்டுக்கொண்டவர்கள், வாரத்துக்கு ஒரு மணி நேரத்தில் என்ன பேசிக்கொள்வார்கள்? மாதம் முடிய இருபத்திரண்டு நாள் இருந்தது. முதல் தேதி வந்துவிட்டால் எல்லார் மறுப்பும் பூஜ்யமாகிவிடும். அதுவரை வண்டி நிற்காமல் ஓடவேண்டும்.

அன்றே அவர் போய் சீட்டைத் தூக்கி மூடிகளைத் திறந்து பார்த்தார். இருபத்து நான்கு வாயும் காய்ந்து கிடந்தன. உள்ளே தகடுகள் வெள்ளை பூத்திருந்தன.

"ஏம்பா, ஆறு வருஷமா தினம் காலைல ஆறு மணிக்குத் தண்ணி காட்டினதா எழுதியிருக்கே?" என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் பொய் சொல்லத் தெரியாத ஆள். "அப்பா, இருபத்திநாலு கட்டம் எழுதி, இருபத்திநாலு கையெழுத்துப் போட்டு, அதை மேடம்கிட்ட காட்டி சீல் வாங்கறதுக்குள்ள மணி எட்டாயிடும். அப்புறம் வண்டி எடுக்கணும். எழுதறதுக்கே நேரம் பத்தலை. ஊத்தறதுக்கு எங்கப்பா நேரம்?" என்றார்.

மெக்கானிக் கண்காணிப்பாளர் மேடத்தைப் போய்ப் பார்த்தார். 'மாற்றம்' செய்வதாக இருந்தால் ஒன்பது பேரிடம் ஒப்புதல் வாங்க வேண்டும், 'பழுது' பார்ப்பதாக இருந்தால் யாரையும் கேட்க வேண்டாம் என்று அந்த அம்மையார் விதிப்புத்தகத்தைப் புரட்டிச் சொன்னார். "பழுதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்தார் மெக்கானிக்.

அவருடைய பழைய சிநேகிதர் ஒருவர், அடிபட்ட மின்சார வேன்களைப் பிரித்து விற்பவர். அவரிடமிருந்து பதினாறு லித்தியம் செல்கள் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு தடித்த அகராதி அளவு, நீல உறை போட்டு. மெக்கானிக் அவற்றைக் கட்டிலில் வரிசையாக அடுக்கினார். எல்லாச் செல்லும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், ஒன்று இளைத்தாலும் மற்றதெல்லாம் அதோடு சேர்ந்து படுத்துவிடும் என்று சொல்லி, ஒரு முழு நாள் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துக் காத்திருந்தார். பிறகு செம்புப் பட்டை வைத்து முடுக்கினார். மேலே ஒரு சின்ன பச்சை அட்டையைப் பொருத்தினார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"இதுதான் ஒவ்வொரு செல்லையும் பார்த்துக்கும். சூடானாலோ, ரொம்பத் தளர்ந்தாலோ உடனே லைனைத் துண்டிச்சுடும். கண்காணிப்பாளர்னு வச்சுக்கங்களேன்."

"கண்காணிக்குமா?"

"இது கண்காணிக்கும்" என்றார்.

நாலு நாள் அவர் மனைவி நாற்காலியில்தான் தூங்கினார். "கல்யாணமான புதுசுல கூட என்னை இப்படி விடிய விடியப் பார்த்துக்கிட்டு உட்காரலை இந்த மனுஷன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள் வண்டியில் பொருத்தினார்கள். நூற்று எழுபது கிலோ பழைய பேட்டரி வெளியே போய் நாற்பத்தைந்து கிலோ உள்ளே வந்ததால், வண்டியின் பின்பக்கம் நான்கு விரற்கடை எழும்பி நின்றது. ஏறுவதற்கு வசதியாக மெக்கானிக் ஒரு பலகைப் படியும் அடித்தார். சார்ஜரையும் மாற்றினார். அன்று மதியம் வண்டி மூச்சு வாங்காமல் மேட்டில் ஏறியது. இறங்கி, மறுபடி ஏறி, பதினோரு தடவை போய் வந்தது. மெக்கானிக்கின் மனைவி உணவுக்கூடத்துக்குப் போனபோது கதவையே இன்னும் திறக்கவில்லை.

"வாழ்க்கைல முதல் தடவையா சாப்பாட்டுக்கு நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

நான்கு நாள் யாரும் எதையும் மறுக்கவில்லை. பதிவேட்டில் எங்கள் நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு நேரேயும் 'சாப்பிட்டார்' என்றே விழுந்தது. இப்படி ஒரு பக்கத்தை இல்லம் கண்டதே இல்லை. ஏதோ மோசடி நடக்கிறது என்று மேடத்துக்கு உடனே புரிந்துவிட்டது.

தேடிப் பார்த்ததில் அது வண்டியின் பதிவேட்டில் அகப்பட்டது. பொய் சொல்லத் தெரியாத டிரைவர், இருபத்து நான்கு கட்டத்துக்கும் குறுக்கே 'தேவையில்லை' என்று நான்கு நாளாக எழுதியிருந்தார். மெக்கானிக்குக்கு அழைப்பு வந்தது. தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

"அப்பா" என்று ஆரம்பித்தார் மேடம். எனக்குச் சில்லிட்டது. "நாலு நாளா வண்டிக்குத் தண்ணி காட்டலியாமே?"

"இதுக்குத் தண்ணி காட்ட வேண்டாம் மேடம்."

"அப்ப யாருக்குத் தண்ணி காட்டறீங்க? எங்களுக்கா?"

"ஐயோ இல்ல மேடம். இது வேற மாதிரி பேட்டரி. தண்ணி குடிக்காது."

மேடம் பேனாவை எடுத்தார். "குடிக்காதுன்னா? குடுத்துப் பார்த்தீங்களா?"

"குடுக்கவே கூடாது."

"குடுக்காமலே எப்படிக் குடிக்காதுன்னு சொல்றீங்க? குடுத்து, அது குடிக்கலைன்னா, மறுத்ததுன்னு அர்த்தம். குடுக்கலைன்னா, நீங்க மறுத்தீங்கன்னு அர்த்தம். ரெண்டுல எது?"

மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அன்று பதினேழாம் தேதி.

"அதுதான்... மறுத்துடுச்சு" என்றார் மெக்கானிக்.

மேடம் நிம்மதியாக எழுதினார். 'வண்டி: தண்ணீரை மறுத்தது. நான்கு நாள்.' எழுதி முடித்த பிறகுதான் விதி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூன்று மறுப்புக்கு மேல் போனால் டாக்டர் பார்க்க வேண்டும். இல்லத்தில் நீர் மறுப்புக்கென்று இருந்த படிவம் ஒன்றே ஒன்றுதான். அது எங்களுக்காக அச்சடித்தது.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். வாரத்துக்கு ஒரு முறை வருபவர், ஆளுக்கு ஒரு நிமிடம். நோயாளியின் முகத்தைப் பார்க்கும் வழக்கம் இல்லை. வண்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, படிவத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டார்.

"வயசு?"

"ஆறு நாள்" என்றார் மெக்கானிக்.

"எடை?"

"முன்னாடி நூத்தி எழுபது கிலோ. இப்ப நாப்பத்தஞ்சு."

டாக்டர் முதல் முறையாக நிமிர்ந்தார். "ஆறு நாள்லயா?"

"ஆமாங்க டாக்டர்."

"தூக்கம்?"

"ராத்திரி சார்ஜ்ல இருக்கும்."

"நடமாட்டம்?"

"நல்லா ஓடுது டாக்டர். முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலை."

"கடைசியில சில பேருக்கு அப்படித்தான் திடீர்னு ஒரு தெம்பு வரும்" என்றார் டாக்டர் வருத்தமாக. வாயைக் காட்டச் சொன்னார். டிரைவர் சீட்டைத் தூக்கினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுதினார்: 'கடுமையான எடை இழப்பு. வாய் இல்லை. வாய்வழியாகத் தினமும் நீர் புகட்டவும். வாய் இல்லாத பட்சத்தில் வாய் அமைக்கவும்.'

டாக்டர் எழுதியது எழுதியதுதான். மூன்று நாளில் வாய் அமைக்காவிட்டால் வண்டியை நிறுத்தி வைக்கும்படி மேடம் உத்தரவு போட்டார். தண்ணீர் பட்டால் அந்தப் பச்சை அட்டை செத்துவிடும் என்று மெக்கானிக் மன்றாடினார். "உயிர் பிழைக்க வேண்டியவங்க தண்ணி குடிச்சுத்தான் ஆகணும் அப்பா" என்றார் மேடம்.

மெக்கானிக் ஒரு வேலை செய்தார். தகரத்தில் ஒரு பெட்டி அடித்து, பேட்டரிக்கு மேலே உட்கார வைத்தார். பெட்டியின் தலையில் இருபத்து நான்கு மூடிகள். பெட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய், பேட்டரியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் தரையைப் பார்த்து முடிந்தது. மேலே ஊற்றுகிற தண்ணீர் அப்படியே கீழே போய்விடும். எழுபத்து மூன்று வயதில் அந்த மனுஷன் ஒரு நிர்வாகத்துக்கே தண்ணி காட்டினார். டிரைவர் காலையில் ஊற்றுவார், எழுதுவார், கையெழுத்துப் போடுவார். வண்டி பெய்துகொண்டே மேட்டில் ஏறும். மேடம் வந்து பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, குடுத்தா குடிக்குது" என்றார்.

இருபதாம் தேதி போயிற்று. இருபத்தைந்து போயிற்று. மெக்கானிக்கின் மனைவி ஒவ்வொரு இரவும் படுக்கும்போது, "இன்னும் அஞ்சு நாள்", "இன்னும் நாலு நாள்" என்று சுவர் வழியாக எனக்குக் கேட்கும்படி சொல்லுவார். பழைய ஆபரேட்டர் இல்லையா, மறக்காமல் தகவல் கொடுப்பார்.

முப்பதாம் தேதி மதியம் ஆய்வுக் குழு வந்தது. தலைவரோடு சேர்த்து மூன்று பேர். இல்லத்துக்கு 'முன்மாதிரி' என்று சான்றிதழ் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். காலையிலேயே எங்களை வரிசையாக நிறுத்தி, சிரித்துக்கொண்டே கையசைக்கப் பழக்கினார்கள். வலது கை, தோளுக்கு மேலே போகக்கூடாது, போனால் உதவி கேட்பது போலத் தெரியும். நாங்கள் பழகிக்கொண்டிருந்த நேரத்தில் செயலாளர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டார்.

"குழு வர்ற நேரத்துல ஒழுகுதே! அடைங்கய்யா அதை" என்றார்.

ப்ளம்பர் வந்து குழாயின் வாயில் பிசினை அப்பி இறுக்கிவிட்டுப் போனார். டிரைவர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்தக் குழாய் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு இருபதுக்குக் குழு வண்டியருகில் வந்தது. மெக்கானிக்கின் மனைவி அதற்கு முன்பே ஏறி, முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"தலைவர் அவர்களே! எங்கள் இல்லத்தில் யாரையும் எதற்கும் நாங்கள் கட்டாயப்படுத்துவதில்லை. சாப்பிடுவது அவர்கள் உரிமை, சாப்பிடாமல் இருப்பதும் அவர்கள் உரிமை. பசியில்கூட நாங்கள் தலையிடுவதில்லை. முதியோருக்கு முக்கியம் மரியாதை. அதனால்தான் மேட்டில் யாராவது விழுந்தால்கூட, அவர்களாக எழுந்திருக்கும்வரை நாங்கள் காத்திருக்கிறோம். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரைப் பெற்ற பிள்ளைகளே வந்து பார்ப்பதில்லை. ஆனால் இந்த வண்டிக்கு ஆறு வருடமாக ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறியதில்லை. பதிவேட்டைப் பார்க்கலாம்!"

குழு பதிவேட்டைப் பார்த்தது. மேடம்தான் புரட்டிக் காட்டினார், வண்டி மறுத்த பக்கங்களை மட்டும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. இருபத்து நான்கு கட்டம், ஆறு வருடம். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்றைக்கு என் கையாலேயே" என்று செயலாளர் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை வாங்கினார். ஒன்று போதவில்லை, இன்னொன்று வாங்கினார். மூடி மூடியாகத் திறந்து நிரம்ப நிரம்ப ஊற்றினார். புகைப்படம் எடுக்கிறவர் சரியாக விழவில்லை என்றதால் மறுபடியும் ஊற்றினார். மெக்கானிக் வரிசையில் என் பக்கத்தில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். குழாய் அடைபட்டது அவருக்குத் தெரியாது. எப்போதும் சொட்டும் இடத்தில் ஏன் சொட்டவில்லை என்று அவர் கழுத்தை நீட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

"வாருங்கள், இதிலேயே மேலே போகலாம்" என்றார் செயலாளர்.

மேடம் குனிந்து, "அம்மா, கொஞ்சம் இறங்குங்க. பெரியவங்க போகணும்" என்றார்.

"அவங்களை விட நான்தானே பெரியவ?" என்றார் மெக்கானிக்கின் மனைவி. ஆனாலும் இறங்கினார். வண்டி ஆறு நிமிடத்தில் திரும்பிவிடும் என்று மெக்கானிக் கை பிடித்து இறக்கிவிட்டார். குழுவும் செயலாளரும் மேடமும் ஏறிக்கொண்டார்கள். மணி அடித்தது.

வண்டி இருநூறு எட்டுத் தூரம் நன்றாகத்தான் போனது. பிறகு சாய்வில் பெட்டித் தண்ணீர் பின்பக்கம் சாய்ந்து வழிந்திருக்க வேண்டும். ஒரு 'டிக்' சத்தம் கேட்டது. அந்தப் பச்சை அட்டை தன் கடமையைச் செய்துவிட்டு லைனைத் துண்டித்தது. வண்டி நின்றது. பெரியவர்கள் இறங்கி, அங்கங்கே நின்று படமெடுத்து, காட்சியை ரசித்தபடி மீதி மேட்டை நடந்தார்கள்.

மெக்கானிக் ஓடவில்லை. ஓடிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். "வா, நடந்துடலாம்" என்றார் மனைவியிடம். ஒரு கையை அவரும் மறு கையை நானும் பிடித்துக்கொண்டோம். நூறு எட்டு வரை அந்தம்மா பேசிக்கொண்டே வந்தார். இருநூறில் பேச்சு நின்றது. வண்டியைத் தாண்டும்போது மெக்கானிக் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்நூறில் என் கால் பின்னிக்கொண்டது. என்னை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு விழப்போகும் மறுப்பைப் பற்றியும் கவலை இருந்தது. ஆனால் கால் அதற்கும் ஒத்துழைக்கவில்லை.

அங்கிருந்தே எல்லாம் தெரிந்தது. குழுவை உள்ளே விடுவதற்காக மேடம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி ஆள் உள்ளே போனதும் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஒரு மணி. கதவைச் சாத்தினார். மெக்கானிக்கும் மனைவியும் முப்பது எட்டு தள்ளி இருந்தார்கள்.

இருவரும் போய்க் கண்ணாடியைத் தட்டினார்கள். உள்ளே முதல் மேசையில் உட்கார்ந்திருந்த தலைவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி கையைத் தூக்கி ஆட்டுவதைக் கண்டு முகம் மலர்ந்தது. அவரும் கையசைத்தார். மற்ற இரண்டு பேரும் அசைத்தார்கள். பார்வையாளர் ஏட்டில் 'வெளியே நிற்பவர்கள்கூட மகிழ்ச்சியாகக் கையசைக்கிறார்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தம்மா கையைக் கீழே போட்டார். "லைன் கிடைக்கலைங்க" என்றார் கணவரிடம்.

சாயங்காலமே மாற்றல் படிவம் வந்துவிட்டது. கணவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"நான் போட மாட்டேன்னா?" என்றார் மெக்கானிக்.

"ஒத்துழைப்பை மறுத்ததா ஆகும் அப்பா. அதுவும் உங்க கணக்குல ஒரு மறுப்புதான்" என்று மேடம் இதமாக விளக்கினார். "அம்மா போறது நிக்காது. உங்களுக்கும் ஒண்ணு விழும்."

போட்டார். சாட்சி என்று இருந்த இடத்தில் நான் போட்டேன்.

இல்லத்துக்கு முன்மாதிரிச் சான்றிதழ் கிடைத்தது. வண்டி பாதி மேட்டில் நின்றது மட்டும் குறையாகச் சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. காரணத்தை ஆராய்ந்து, தண்ணீரை ஏற்காத பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஏற்கும் பழைய ஆறையும் திரும்ப மாட்டினார்கள். அட்டையை மட்டும் மாற்றினால் போதும், இரண்டு மணி நேர வேலை என்று மெக்கானிக் மூன்று நாள் ஆபீஸ் வாசலில் நின்று சொன்னார். அது பழுது அல்ல, மாற்றம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வண்டி ஓடுவதே இல்லை. ஓடாததால் டிரைவருக்கு நேரம் கிடைக்கிறது. தினமும் உண்மையாகவே தண்ணீர் ஊற்றுகிறார்.

முதல் ஞாயிறு மெக்கானிக் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "முக்கால் மணி நேரம் ஒண்ணுமே பேசலை. கடைசி கால் மணி நேரம் சண்டை போட்டோம். பாதியில மணி அடிச்சுட்டாங்க" என்றார். அந்தப் பாதிச் சண்டை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. காலை மறுத்தார். மதியம் மறுத்தார். மாலையும் மறுத்தார். இந்த இல்லத்தின் வரலாற்றில் உணவை உண்மையாக மறுத்தவர் அவர் ஒருவர்தான்.

"என்னப்பா இது, ஒரே நாள்ல மூணும்?" என்றார் மேடம்.

"நானும் அங்கயே போயிடறேன் மேடம். அவகூட இருந்துக்கறேன்" என்றார் மெக்கானிக். படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்கட்டடத்துக்கு நடந்து போனதை நான் பார்த்தேன். பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி சட்டை போட்டிருந்தார்.

அமைதிப் பிரிவில் ஆண்கள் பகுதி வேறு, பெண்கள் பகுதி வேறு. நடுவில் சுவர். ஞாயிற்றுக்கிழமை சந்திப்பு, தனியாக வாழத் தகுதியுள்ளவர்களுக்கு மட்டும். படுக்கையில் இருப்பவர் இன்னொரு படுக்கையில் இருப்பவரைப் பார்க்கப் போனால் அது சந்திப்பு ஆகாது, இடமாற்றம் ஆகும், அதற்குப் படிவம் இல்லை என்று மேடம் எனக்கு விளக்கிச் சொன்னார்.

மூன்று ஞாயிறு கழித்து நான் அந்தம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே இருப்பவர்களின் அமைதியைக் குலைக்கும் எந்தச் செய்தியையும் சொல்ல மாட்டேன், சொன்னால் ஒத்துழைப்பை மறுத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. வண்டி நின்றுபோனதில் எனக்கு அந்த மாதம் ஏற்கனவே இரண்டு விழுந்திருந்தது.

அந்தம்மா இளைத்திருந்தார். என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"அவர் எங்க அண்ணா? மூணு வாரமாச்சு, ஆளையே காணோம்."

நான் வாயைத் திறந்தேன். நர்ஸ் கதவருகில் பதிவேட்டோடு நின்றார்.

"வண்டி வேலை தங்கச்சி. அதுலயே உட்கார்ந்திருக்கார்" என்றேன்.

"ஓடுதா?"

"ஓடுது, ஓடுது."

"பரவாயில்ல. உங்களுக்கெல்லாம் ஆகுதே." போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்குச் சண்டைல ஒரு வார்த்தை கூடுதலா சொல்லிட்டேன். அதுக்காக என்னைத் தண்ணி தெளிச்சே விட்டுட்டாரா அண்ணா?"

"சேச்சே" என்றேன்.

நான்கு நாற்பதுக்கே எழுந்துவிட்டேன். இப்போது சாப்பாட்டுக்கு மேடு ஏற எனக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது.